தொலைக்காட்சியை மீட்டிய கலைஞர்

தொலைக்காட்சிப் பெட்டி எதற்கு உரியது என்று வினவினால், காண்பதற்கு உரியது என்றே யாவரும் விடை கூறுவர். நிலையத்தார் அனுப்புவதை மக்கள் காண்கின்றனர். மக்கள் கூறுவதோ நிலையத்தார் செவிக்கு எட்டுவதில்லை. இவ்வொருவழிப் போக்கினை ஏற்காது, அப்பெட்டியை யாழ்போல் மீட்டத்தக்க கருவியாகக் கொண்டவர், கொரிய நாட்டிற் பிறந்த நாம் ஜூன் பைக் என்னும் கலைஞர்.

பைக் 1932-ஆம் ஆண்டு சியோல் நகரிற் பிறந்தார். இளமையிலேயே பியானோ பயின்றார். 1956-இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றபின், இசையை மேலும் ஆராயும்பொருட்டு ஜெர்மனிக்குச் சென்றார். ஓவியத்தில் தொடங்காது இசையில் தொடங்கியவர் அவர் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. கருவி என்று ஒன்று இருப்பின், அதனைத் தொட்டு இயக்குதல் வேண்டும் என்பதே இசைவாணர் இயல்பு.

1963-இல் வூப்பர்டால் நகரில் அவர் ஒரு கண்காட்சி அமைத்தார். ஆங்கு வைத்த பெட்டிகளுள் ஒன்றன் ஒலிவாங்கியிற் பேசினால், பேச்சிற்கேற்பத் திரையில் ஒளிப்புள்ளிகள் சிதறின. மற்றொரு பெட்டி கொண்டுவரும் வழியிற் பழுதுற்றது. படம் முழுதும் சுருங்கி ஒற்றைக் கோடாயிற்று. பிறராயின் அதனைக் குப்பையிலிட்டிருப்பர். பைக்கோ பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார்; கிடந்த கோடு நின்ற கோடாயிற்று. அதுவும் ஒரு கலைப்படைப்பாக இன்றளவும் போற்றப்படுகின்றது.

1965-இல் அவர் செய்த காந்தத் தொலைக்காட்சி இன்னும் வியப்புடையது. பழைய பெட்டிகளின் படக்குழாயில், பின்புறத்தினின்று எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து, திரையின் உட்பூச்சில் மோதி ஒளியை எழுப்பும். காந்தம் அக்கற்றையை வளைக்க வல்லது. பைக் பெட்டியின்மேல் பெரியதொரு காந்தத்தை வைத்தார். ஒளி சுழித்து மடிந்து, பூவிதழ் போன்ற கோலம் கொண்டது. காந்தத்தை நகர்த்துந்தோறும் கோலமும் மாறிற்று. இதனை மீட்டுதல் என்னாது வேறென்னென்பது?

பின்னர் ஷூயா அபே என்னும் ஜப்பானியப் பொறியாளருடன் கூடி, படங்களை நிறம் மாற்றியும் ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தும் கலக்கும் கருவியொன்றை அமைத்தார். 1973-இல் நியூயார்க் நிலையமொன்றின் வழியே உருவாகிய 'குளோபல் குரூவ்' என்னும் படத்தில், ராக் இசைக்கு ஆடுவோரும் கொரிய மரபு நடனத்தாரும் அடுத்தடுத்துத் தோன்றுகின்றனர். ஜப்பானியக் குளிர்பான விளம்பரமும் இடையே வருகின்றது. விளம்பரம் சற்று மிகையென்றே எமக்குத் தோன்றுகிறது. ஆயினும் உலக நாடுகளின் ஒளிபரப்பெல்லாம் ஒரே பெட்டியில் வந்து கலக்கும் காலத்தை அப்படம் முன்னரே காட்டிவிட்டது.

தொலைக்காட்சி மக்களை வேவு பார்க்கும் கருவியாகும் என்று ஜார்ஜ் ஆர்வெல் தம் நாவலில் அஞ்சிய ஆண்டு 1984. அவ்வாண்டின் முதல் நாளிலேயே பைக் மறுமொழி விடுத்தார். நியூயார்க்கையும் பாரிசையும் செயற்கைக்கோளால் இணைத்து, பீட்டர் கேப்ரியல் முதலிய மெல்லிசைக் கலைஞரையும் புதுமைக் கலைஞரையும் ஒருங்கே பங்குபெறச் செய்தார்.

1988-இல் சியோலையடுத்த குவாச்சோன் நகர்க் கலைக்கூடத்தில் 1003 பெட்டிகளால் ஒரு கோபுரம் எழுப்பினார். அவ்வெண், கொரியர் தம் நாடு தோன்றிய நாளாகக் கொண்டாடும் அக்டோபர்த் திங்கள் 3-ஆம் நாளைக் குறிப்பது. பைக் 2006-இல் மறைந்தார். பெட்டிகளும் மூப்புற்றமையால், 2018-இல் கோபுரம் இருண்டது. படக்குழாய் செய்யும் தொழிலோ அதற்குள் அருகிவிட்டது. 2022-இல் மீண்டும் ஒளியேற்றியபோது, 737 பெட்டிகள் பழுதுபார்க்கப்பட்டன அல்லது பழைய பெட்டிகளால் மாற்றப்பட்டன. சிறிய 266-க்குப் புதிய எல்.சி.டி. திரைகள் பொருத்தப்பட்டன.

இஃது அதே படைப்புத்தானா என்று கேட்போர் உளர். நரம்பு அறுந்த யாழிற்குப் புதுநரம்பு கட்டுதல் குற்றமன்று. கோபுரத்திற்கு இது பொருந்தும். காந்தத் தொலைக்காட்சிக்கோ பொருந்தாது. எல்.சி.டி. திரையில் எலெக்ட்ரான் கற்றை இல்லை. அதன்மேல் எத்துணைப் பெரிய காந்தத்தை வைப்பினும், அக்கோலம் தோன்றாது.