சிறு நாயும் நம் பொறுப்பும்



வீட்டில் சிறு நாய் வளர்ப்பது இன்பம் தரும் செயல். அதனை இனம்பெருகச் செய்வதோ, அறிவும் பொறுமையும் வேண்டும் செயல். பலர் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுகின்றனர். அவை வேறு வேறு என்பதை விளக்கவே இன்று பேச முற்பட்டேன்.

பாமெரேனியன் என்னும் நாயை எடுத்துக்கொள்வோம். இதன் முன்னோர் வடஐரோப்பாவில் வாழ்ந்த பெரிய உடற்கட்டுள்ள நாய்கள். 1888ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணி இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் சிறிய பாமெரேனியன் ஒன்றைக் கண்டு விரும்பிப் பெற்றார். அரசியின் விருப்பம் மக்களின் விருப்பமாயிற்று. சிறியவற்றையே தேர்ந்து இணைசேர்த்தனர். இன்று அவ்வினம் ஏறத்தாழ 3 கிலோ எடையளவிலேயே நிற்கிறது.

உருவம் சுருங்கியபோது இடரும் உடன் வந்தது. சிறிய தாய்க்கு ஒருமுறை பிறக்கும் குட்டிகள் சிலவே. அவற்றின் தலையோ தாயின் இடுப்பெலும்பு வழிக்குப் பெரிதாய் அமைதல் உண்டு. அந்நிலையில் அறுவை மருத்துவமே தாயையும் குட்டியையும் காக்கும். ஆதலின் கால்நடை மருத்துவரின் துணையின்றி இம்முயற்சியில் இறங்கலாகாது.

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஈனுவதற்கு முந்திய நாளில் தாயின் உடல் வெப்பம் சற்றுக் குறைவதுண்டு. வெப்பமானி கொண்டு அதனை அறியலாம். பிறந்த குட்டிக்குக் கண்ணும் காதும் திறந்திரா. நடுங்கி வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றலும் முதல் வாரத்தில் இல்லை. தாயின் அணைப்பே அதற்குக் கணப்பு. முதல் நாளிலேயே சீம்பால் குடித்தாக வேண்டும்; அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களைக் குடல் ஏற்கும் காலம் ஒரு நாள் அளவே. நாள்தோறும் குட்டியைத் தராசில் நிறுத்துக் குறித்து வருதல் நன்று. எடை ஏறாத குட்டியே முதலில் உதவி வேண்டுவது.

ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பல்லாண்டு ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள பருவமே நாயின் இயல்பைப் பெரிதும் வகுக்கிறது என்பது அவர்தம் முடிவு. பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு அது வியப்பளிக்கவில்லை. இளமையில் அன்பும் பழக்கமும் பெறாத உயிர் பின்னர் அஞ்சும். அஞ்சும் நாய் கடிக்கும். எனவே எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலும், மனிதரோடு பழகவிடாமல் அடைத்து வைத்தலும் தவறு. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இடுதல் இன்றியமையாதது. அந்நோய்க்குறிகள் தோன்றியபின் மனிதர் பிழைத்தல் அரிதினும் அரிது.

குட்டிகளை விற்போருக்கு நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. பதிவு பெறுதல் வேண்டும் என்றும், பதினெட்டு மாதம் நிரம்பாத பெண் நாயை ஈனச் செய்தல் கூடாது என்றும் அவை விதிக்கின்றன.

நண்பர்களே, குட்டிகள் வேண்டும் என்னும் ஆசை எழுந்தால் உங்களையே வினவுங்கள்: தாய் நலமாக உள்ளதா? இணையும் இரண்டும் நெருங்கிய உறவின அல்லவா? பிறக்கும் ஒவ்வொன்றுக்கும் நல்ல இல்லம் உண்டா? ஒரு விடையேனும் ஐயமாயின், பெருக்காமல் இருப்பதே அன்பு. வளர்த்து மகிழ ஒரு நாயே போதும்.