மொட்டை மாடிப் பூச்சு: வீட்டார் கைக்கு எட்டுவதும் எட்டாததும்

அடையாற்றில் ஐப்பசி நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் மேல்மாடிக் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: நீர்த்தடுப்புப் பூச்சைக் கடையிலிருந்து வாங்கி வந்து வீட்டாரே மொட்டை மாடியில் பூசிவிடலாமா, அல்லது வேலை முழுவதையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாமா என்பதே அது. அமெரிக்க வீடுகளில், தெருவிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை போடப்பட்டிருக்கும் தார்ப் பாதைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கறுப்புப் பூச்சுப் போடும் வழக்கம் உண்டு. அங்கும் வீட்டுக்காரர்களிடையே இதே விவாதம் நடக்கிறது. ஆனால் பாதையில் வேலை கெட்டால் அதிகம் போனால் ஒரு பள்ளம் விழும். கூரையில் வேலை கெட்டால் கம்பி துருப்பிடித்து, உட்கூரைக் காரை படுக்கையறைக்குள் விழும். ஆகவே இங்கே யார் பூசுவது என்ற கேள்விக்கு முன்னால், பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

அடையாறு பல தலைமுறைக் கூரைகள் அருகருகே கிடக்கும் பகுதி. 1882இல் பிரம்மஞான சபை இங்கே இடம் வாங்கிக் குடியேறிய காலத்தில் சென்னையின் பெரிய வீடுகளுக்கு இடப்பட்ட கூரை, பின்னாளில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்றே பெயர் பெற்ற முறையாகும்: தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்பு சற்று நெகிழக்கூடியது; வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும்போது பெரும் வெடிப்பாகப் பிளக்காமல் மயிரிழைக் கீறல்களாகப் பிரிந்துவிடும், அக்கீறல்களில் இறங்கும் நீர் கரைத்துக் கொண்டுபோகும் சுண்ணாம்பே சில வேளை அவற்றை மீண்டும் அடைத்தும்விடும்.

1940களின் இறுதியில் உருவான காந்தி நகர் முதல் பெசன்ட் நகர் வரையிலான பிற்காலக் குடியிருப்புகளில் உத்தரம் மறைந்து கான்கிரீட் வந்தது. ஆயினும் அதன் மேலடுக்கு மாறிவிடவில்லை. கொத்தனார்கள் ‘சுர்க்கி’ என்றும் பொறியாளர்கள் ‘வெதரிங் கோர்ஸ்’ என்றும் சொல்லும் அந்தச் செங்கல் ஜல்லித் தளத்திற்குத் தமிழகப் பொதுப்பணித் துறையின் மதிப்பீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு, 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு என்பதாகும். மணல் சேர்ப்பதில்லை. அதன் மேல் பதிக்கும் தட்டோட்டுக்கான சிமெண்ட் கலவையில் சிறிதளவு கச்சா எண்ணெய் சேர்க்கச் சொல்வது இம்மதிப்பீடுகளின் சுவையான பகுதி. பூமிக்கடியிலிருந்து வரும் எண்ணெயின் பிசுக்கைக் கொண்டு நீரை விலக்கும் எண்ணம் இவ்வூர்க் கூரைகளில் நெடுங்காலமாக இருந்திருக்கிறது.

இந்தத் தளத்திற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, வெயிலின் சூடு கான்கிரீட்டை நேரே தாக்காமல் தடுப்பது. மற்றது, கட்டட வேலை செய்வோர் ‘வாட்டம்’ என்று சொல்லும் சரிவைத் தருவது. அதாவது மாடியில் விழும் மழைநீர் எங்கும் தேங்காமல் வடிகுழாயின் வாயை நோக்கி ஓடும்படி, பத்தடி நீளத்திற்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தரையை இறக்கி அமைப்பது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் சுமார் 29 செ.மீ. மழை பதிவாயிற்று. அப்படிப்பட்ட ஒரு நாளில் 1,000 சதுர அடி மாடியின் மேல் விழும் நீர் ஏறக்குறைய 27,000 லிட்டர். வாட்டம் சரியாக இருந்தால் அது ஓடிவிடும். இல்லையேல் இரண்டு அங்குல உயரம் தேங்கினாலே நாலரை டன்னுக்கு மேற்பட்ட பாரம் கூரையின் மேல் நிற்கிறது. எந்தப் பூச்சானாலும், அது வழிந்தோடும் மழையைத் தாங்குமே ஒழிய, வாரக்கணக்கில் தேங்கும் குட்டையை நெடுநாள் தாங்காது.

எனவே பூச்சு வாங்கப் புறப்படுமுன் வீட்டார் செய்ய வேண்டியதும், செய்யக்கூடியதுமான முதல் வேலை, நீர் எந்த வழியில் இறங்குகிறது என்று கண்டறிவதுதான். கோடையிலும் கசிவு நிற்கவில்லை என்றால் மேல்நிலைத் தொட்டியையோ அதன் குழாயையோ ஐயுற வேண்டும். காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையில் மட்டும் சுவரில் ஓதம் ஏறினால், குற்றம் தளத்தில் இல்லாமல் கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் இருக்கக்கூடும். எல்லா மழையிலும் ஒழுகினால்தான் தளத்தின் மேல் கை வைக்க வேண்டும். அப்போதும், உட்கூரையில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. சுர்க்கித் தளம் பஞ்சைப் போன்றது, ஓரிடத்தில் குடித்த நீரைப் பல அடி தள்ளி வேறோர் இடத்தில் கான்கிரீட்டின் பலவீனமான பகுதி வழியே விடும். மழை நின்ற மறுநாள் மாடிக்கு ஏறி, எங்கெங்கே நீர் தேங்கியிருக்கிறது என்று பார்த்துச் சாக்கட்டியால் வட்டமிட்டு வைப்பது எந்தக் கருவியும் வேண்டாத, ஆனால் ஒப்பந்தக்காரர்கள் பலரும் செய்யாத ஆய்வு.

தளத்தின் உள்ளீரத்தை அறியவும் எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான, தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக்கி, 16 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் தளம் இன்னும் உலரவில்லை என்று பொருள். அந்த நிலையில் மேலே பூச்சு போடுவது, ஈரத்தை உள்ளே வைத்து மூடி போடுவதற்குச் சமம். சித்திரை வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும்போது பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழுந்து உரியும். ஒரே ஆண்டில் உரிந்து போகும் பூச்சுகளில் பலவற்றின் கதை இதுதான் என்று துணிந்து சொல்லலாம். பழி மட்டும் பூச்சு வாளியின் மேல் விழுகிறது.

தளம் காய்ந்திருந்து, வாட்டம் சரியாக இருந்து, குற்றம் தட்டோட்டு இடைவெளிகளின் கலவை உதிர்ந்தது, மயிரிழைக் கீறல்கள் ஓடியது என்ற அளவோடு நின்றால், அந்த வேலை வீட்டார் கைக்கு அடங்கியதே. கடைகளில் கிடைக்கும் பூச்சுகளில் பெரும்பாலானவை அக்ரிலிக் வகையைச் சேர்ந்தவை: நீரில் நுண்துகள்களாகக் கலந்த நிலையில் இருக்கும் இப்பிசின், காய்ந்ததும் ரப்பரைப் போல இழுபடும் படலமாகிறது. இழுபட வேண்டியதன் காரணம் எளிது. 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீள்கிறது. வெறும் சிமெண்டுக் கலவையால் அடைத்த கீறல் அந்த நீட்சியைத் தாங்காமல் அதே இடத்தில் மறுபடியும் திறந்துகொள்கிறது.

பூசுவது இவ்வேலையின் மிகச் சிறிய பகுதி. பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுப்பது, ஆடும் ஓடுகளைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து மாற்றுவது, இடைவெளிகளைச் சுரண்டிப் புதிய கலவையால் நிரப்புவது, கைப்பிடிச் சுவரும் தரையும் சந்திக்கும் மூலையில் நீர் தங்காதபடி கலவையை வளைவாக மெழுகி அங்கே கண்ணாடி இழை வலையைப் பூச்சுக்குள் அழுத்துவது ஆகியவற்றிலேயே பெரும்பங்கு நேரம் செலவாகிறது. இவ்வேலைகள் கண்ணுக்குத் தெரியாமல் பூச்சுக்கடியில் மறைந்துவிடுபவை. நாளுக்கு இத்தனை சதுர அடி என்று கணக்கிட்டு ஆள் கூலி தரும் ஒப்பந்தக்காரருக்கு இவற்றைச் சுருக்குவதில் ஆதாயம் இருக்கிறது. தன் வீட்டு மாடியைத் தானே தேய்ப்பவருக்கு அந்த ஆதாயம் இல்லை. பொறுமையுள்ள வீட்டார் சில வேளை தொழிலாளியை விஞ்சிவிடுவது இதனால்தான்.

ஆனால் வீட்டார் வழுக்கி விழும் இடமும் ஒன்று உண்டு, அது கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் பூசினால் ஈரப் படலத்தின் பருமன் ஒரு மில்லிமீட்டர். பூச்சில் பாதி நீர் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த பின் எஞ்சுவது அரை மில்லிமீட்டர். 1,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஆகவே அரை மில்லிமீட்டர் காய்ந்த படலம் வேண்டுமானால், பல கைகளாகப் பிரித்துப் பூசினாலும், மொத்தம் 93 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளிகளில் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். ஒரே வாளியை வாங்கி வந்து மாடி முழுவதும் இழுத்தால் எஞ்சுவது 0.1 மில்லிமீட்டர், எழுதும் தாளின் பருமன். அது பார்வைக்கு வெண்மையாக இருக்கும். அடுத்த ஐப்பசியைத் தாண்டாது.

இதே கணக்கு ஒப்பந்தக்காரரை மேற்பார்க்கவும் உதவுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசுவதோடு நில்லாமல், எத்தனை வாளி இறங்கும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, காலி வாளிகளை வேலை முடியும்வரை மாடியிலேயே வைக்கச் சொல்வது, பூச்சில் அளவுக்கு மீறித் தண்ணீர் கலக்கும் பழக்கத்துக்கு எளிய தடை. பத்தாண்டு உத்தரவாதம் என்று அச்சடித்துத் தரப்படும் தாளைவிட இந்த வாளிக் கணக்கு நம்பத்தக்கது. உத்தரவாதத் தாள் பொருளுக்கா, வேலைக்கா, தருபவர் உற்பத்தியாளரா, பூசுபவரா என்பதைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டார் தொடக்கூடாத வேலைகளும் இருக்கின்றன. பாலிமர் கலந்த தாரைத் தாளாக்கி, எரிவாயுச் சுடரால் அதன் அடிப்பக்கத்தை இளக்கி ஒட்டும் ‘மெம்பரேன்’ வேலை அவற்றுள் ஒன்று. இரண்டு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் தாள் எரிந்துவிடும், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் மின்கம்பியும் இருக்கும் மாடியில் சுடரோடு நடமாடுவதே ஆபத்து. வாட்டம் கெட்டுப்போன தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவது கொத்தனாரும் சித்தாளும் பல நாள் செய்யும் வேலை. உட்கூரையில் காரை உப்பியிருந்தாலோ பழுப்புக் கோடு ஓடியிருந்தாலோ அதற்குப் பூச்சு மருந்தே அல்ல: கடலை ஒட்டிய அடையாற்றில் காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியின் காப்பை அழிக்கிறது, துருவாக மாறும் இரும்பு தன் கன அளவைப்போல் ஆறு மடங்கு வரை பெருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. அங்கே தேவைப்படுபவர் கட்டமைப்புப் பொறியாளர். மெட்ராஸ் டெரஸ் கூரைகளோ தனி இனம். தேக்கு உத்தரத்தின் மேல் நீர் புகாப் படலத்தை விரித்தால் உள்ளிருக்கும் ஈரம் மேல்வழியே வெளியேற முடியாமல் மரத்தைத் தேடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளே அவற்றுக்கு ஏற்றவை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. மொட்டை மாடி பொதுச்சொத்து. ஒழுகல் மட்டும் மேல்மாடிக்காரருடையது. சங்கக் கூட்டத்தில் கீழ்த்தளத்தார் காட்டும் தயக்கத்துக்குச் சலித்து மேல்மாடிக்காரர் தம் செலவில் தம் வீட்டுக்கு மேலே மட்டும் பூசினால், பூச்சு முடியும் ஓரத்தில் இறங்கும் நீர் சுர்க்கிக்குள் நகர்ந்து அவர் வீட்டுக்கே வந்து சேரும். கட்டி ஐந்தாண்டுக்குள்ளான வீடென்றால் இந்த விவாதமே தேவையில்லை: 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சட்டத்துக்கு உட்பட்ட திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமானக் குறைகளைக் கட்டியவரே 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. பழைய வீடுகள் இடிக்கப்பட்டுப் புதிய அடுக்குகள் எழும்பிக்கொண்டே இருக்கும் அடையாற்றில் இதை அறியாமல் கைக்காசு செலவிடுவோர் உண்டு.

பருவம் தவறினால் நல்ல வேலையும் வீணாகும். சென்னையில் ஆடி, ஆவணி மாலைகளில் திடீரென்று இடியுடன் மழை பெய்வதால், காயாத பூச்சு கரைந்துபோகும் வாய்ப்பு மிகுதி. மாசி முதல் வைகாசி வரை தளம் நன்கு காய்ந்திருக்கும், எனினும் தரை கொதிக்கும் நண்பகலைத் தவிர்த்து விடியற்காலையிலோ மாலையிலோ பூச வேண்டும், ஏனெனில் சூடேறிய தரையில் பூச்சின் மேற்பரப்பு மட்டும் உடனே காய்ந்து உள்ளே பதமாகவே நின்றுவிடும்.

மாடியில் பூசியது மாடியோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2003ஆம் ஆண்டு தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து, அடையாற்று மாடிகளின் வடிகுழாய்கள் பல நேராகக் கிணற்றிலோ உறிஞ்சு குழியிலோ போய் முடிகின்றன. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம், தார்ப் பாதைகளுக்குப் பூசிய நிலக்கரித் தார் மழையில் உரிந்து ஓடைகளின் வண்டலில் நச்சாகச் சேர்ந்ததைக் கண்டு, 2006 முதல் அத்தகைய பூச்சைத் தடைசெய்தது. கூரைக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று எந்தத் தாரையும் காய்ச்சி ஊற்றும் பழைய பழக்கம் இந்த ஒரு காரணத்தாலேயே கைவிடத்தக்கது. அக்ரிலிக் பூச்சானாலும், புதிதாகப் பூசிய மாடியின் முதல் இரண்டு மூன்று மழைநீரைக் கிணற்றுக் குழாயிலிருந்து பிரித்து வெளியே விட்டு, வடிகுழாய் வாயில் ஒதுங்கிய சருகையும் பூச்சுத் துணுக்குகளையும் அள்ளியெடுத்த பிறகே கிணற்றுக்குத் திருப்ப வேண்டும்.