பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஒலிவிளைவுக் கருவி பொருத்துதல்

பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஒலிவிளைவுக் கருவி பொருத்துதல் என்பது, எதிரொலி, எதிர்முழக்கம், ஒலித்திரிபு முதலிய விளைவுகளைத் தரும் மின்னணுக் கருவி ஒன்றை, இசைப்பவரின் கைக்கு எட்டும் வகையில் அக்கிட்டாரின் தாங்குகாலில் இணைப்பதாகும். சாதாரண மின் கிட்டார் இசைப்பவர்கள் இத்தகைய கருவிகளைத் தரையில் வைத்துக் காலால் இயக்குவர். பெடல் ஸ்டீல் கிட்டாரில் இரு பாதங்களுக்கும் இரு முழங்கால்களுக்கும் ஏற்கனவே வேலை இருப்பதால் அம்முறை எளிதில் பொருந்துவதில்லை. விளைவுக் கருவியை எங்கே, எவ்வாறு பொருத்துவது என்பது வசதியை மட்டும் சார்ந்ததன்று. கிட்டாரின் இயங்கு உறுப்புகளும் ஒலியின் தெளிவும் அதனால் பாதிக்கப்படலாம்.

கிட்டாரின் அமைப்பு

பெடல் ஸ்டீல் கிட்டார் நான்கு தாங்குகால்களின் மேல் கிடைமட்டமாக அமைந்த இசைக்கருவி ஆகும். இசைப்பவர் அதன் முன் அமர்ந்து, இடக்கையில் பிடித்த உருக்குத் தண்டைத் தந்திகளின் மேல் நகர்த்திச் சுரங்களைப் பெறுகிறார். வலக்கை விரல்களில் அணிந்த மீட்டிகளால் தந்திகளை மீட்டுகிறார். பொதுவாக ஒரு கழுத்தில் 10 தந்திகள் இருக்கும். இரட்டைக் கழுத்துக் கிட்டாரில் ஒன்று ஈ9 முறையிலும் மற்றொன்று சி6 முறையிலும் சுருதி சேர்க்கப்படுவது வழக்கம்.

மிதிகளும் முழங்கால் நெம்புகளும் இக்கிட்டாரின் சிறப்பு உறுப்புகள். இவை இயங்கும்போது குறிப்பிட்ட தந்திகளின் சுருதி மாறுகிறது. எடுத்துக்காட்டாக, ஈ9 முறையில் ஏ மிதி பி சுரத் தந்திகளை முழுத்தொனி அளவு உயர்த்திச் சி கூர்மையாக்கும். பி மிதி ஜி கூர்மைத் தந்திகளை அரைத்தொனி உயர்த்தி ஏ ஆக்கும். மிதிகளை இடப்பாதமும், நெம்புகளை இரு முழங்கால்களும், ஒலியளவு மிதியை வலப்பாதமும் இயக்குகின்றன. ஆகவே இசைக்கும்போது உடலின் எந்த உறுப்பும் ஓய்வாக இருப்பதில்லை.

வரலாறு

1953-இல் பதிவு செய்யப்பட்டு 1954-இல் புகழ்பெற்ற வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' என்னும் பாடலில் பட் ஐசக்ஸ் மிதியைக் கொண்டு சுருதியை மாற்றி இசைத்தார். அதன்பின் அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் கிட்டார் நிலையான இடம் பெற்றது. தொடக்கத்தில் பெரும்பாலோர் பெருக்கியிலேயே அமைந்த சுருள்வில் எதிர்முழக்கத்தை மட்டும் பயன்படுத்தினர்.

தனி விளைவுக் கருவிகளின் பயன்பாடு 1960களில் பரவியது. பீட் டிரேக், 1964-இல் வெற்றி பெற்ற 'ஃபாரெவர்' பாடலில், கிட்டாரின் ஒலியைக் குழாய் வழியாகத் தம் வாய்க்குள் செலுத்திக் கிட்டார் பேசுவது போன்ற ஒலியை உருவாக்கினார். ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவின் 1969-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் ஸ்னீக்கி பீட் கிளைனோ ஒலித்திரிபுக் கருவியைப் பயன்படுத்தினார்.

பொருத்தும் இடம்

விளைவுக் கருவியைப் பொருத்துவதற்கு ஏற்ற இடம், பொதுவாக முன்பக்க இடது தாங்குகாலின் மேற்பகுதி ஆகும். அதற்கான காரணங்கள்:

1. இடக்கை இரு இசைத் தொடர்களுக்கு இடையே சிறிது நேரம் விடுபடும். அப்போது கைக்கு அருகிலுள்ள குமிழைத் திருப்ப முடியும்.
2. தந்திகளின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் பிக்கப், கிட்டாரின் வலது முனைக்கு அருகில் உள்ளது. விளைவுக் கருவி இடது பக்கம் இருந்தால் அதன் மின்காந்தப் புலம் பிக்கப்பை எட்டுவது குறையும்.
3. மிதிகளைத் தாங்கும் சட்டம் முன்கால்களின் கீழ்ப்பகுதியில் இணைகிறது. மேற்பகுதியில் பொருத்தினால் அச்சட்டத்துடன் மோதல் ஏற்படாது.

கிட்டாரின் உடலில் துளையிட்டுத் திருகாணி செலுத்துவதைத் தவிர்க்க வேண்டும். உடலின் அடிப்பகுதி முழுவதும் இழுகம்பிகளும் குறுக்குத் தண்டுகளும் நிறைந்துள்ளன. அவற்றில் ஒன்றைத் திருகாணி முனை தடுத்தாலும், மிதியை விட்டபின் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பாமல் போகலாம். மேலும் துளையை மீண்டும் மறைப்பது கடினம். பற்றுக்கவ்வியால் பொருத்தினால் கிட்டாருக்கு எவ்வித மாற்றமும் இன்றிப் பின்னர் அகற்றிவிடலாம்.

பொருத்தும் முறை

1. தாங்குகாலின் வெளிவிட்டத்தை அளந்து, அதற்கேற்ற பற்றுக்கவ்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலிவாங்கித் தாங்கிகளுக்கான கவ்விகளும் இதற்குப் பயன்படும்.
2. கவ்விக்கும் தாங்குகாலுக்கும் இடையே மெல்லிய இரப்பர் அல்லது தோல் பட்டையைச் சுற்ற வேண்டும். இது கீறலையும் கவ்வி நழுவுவதையும் தடுக்கும்.
3. நீளத்தை மாற்றக்கூடிய தாங்குகால்களில் கவ்வியை மேல் குழாயில் மட்டுமே பொருத்த வேண்டும். இல்லையெனில் உயரத்தைச் சரிசெய்ய இயலாது.
4. கவ்வியுடன் ஓர் உலோகத் தட்டை இணைத்து, அதன்மேல் விளைவுக் கருவியை ஒட்டுப்பட்டையாலோ திருகாணியாலோ நிறுத்த வேண்டும். தட்டின் விளிம்பு இசைப்பவரின் முழங்காலை நோக்கி நீளக் கூடாது.
5. வடங்களைத் தாங்குகாலோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வடம் இழுகம்பியில் சிக்கினால் அந்த மிதி இறுகிவிடும்.
6. எல்லா மிதிகளையும் நெம்புகளையும் ஒவ்வொன்றாக முழுத் தொலைவுக்கு இயக்கி, எதுவும் உரசவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

மிதியை அழுத்தும்போது கிட்டாரின் உடல் மிகச் சிறிதளவு வளைவதால், அம்மிதி இழுக்காத தந்திகளின் சுருதியும் சற்றுக் குறையும். இது பல கிட்டார்களில் இயல்பாகவே காணப்படுவது. எனவே பொருத்துவதற்கு முன்னும் பின்னும் சுருதிமானியால் அளந்து ஒப்பிட்டால்தான், புதிதாக ஏதேனும் மாறியுள்ளதா எனத் தெரியும்.

வடத்தின் நீளமும் ஒலியும்

விளைவுக் கருவியைக் கிட்டாருக்கு அருகில் பொருத்துவதால் மின்னியல் வகையிலும் பயன் உண்டு. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய பல்லாயிரம் சுற்றுக் கம்பிச் சுருள் ஆகும். இதன் மின்தூண்டல் எண் மிகுதி. இணைப்பு வடத்திற்கோ மின்தேக்குத்திறன் உண்டு. அது மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் எனக் கொள்ளலாம். இவ்விரண்டும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாக அமைகின்றன. ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட ஒலிக்கூறுகள் விரைவாக நலிவடையும்.

எடுத்துக்காட்டாக, சுருளின் மின்தூண்டல் எண் 6 ஹென்றி என்றும், சுருளுக்கே உரிய மின்தேக்குத்திறன் 100 பிக்கோ ஃபாரட் என்றும் கொள்வோம். 5 மீட்டர் வடத்தை இணைத்தால் மொத்தம் 600 பிக்கோ ஃபாரட். ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறத்தாழ 2,650 ஹெர்ட்சு. அரை மீட்டர் வடத்தை இணைத்தால் மொத்தம் 150 பிக்கோ ஃபாரட். அதிர்வெண் ஏறத்தாழ 5,300 ஹெர்ட்சு. மின்தேக்குத்திறன் நான்கில் ஒன்றானால் அதிர்வெண் இரு மடங்காகிறது. நீண்ட வடத்தில் ஒலி மங்குவதற்கு இதுவே காரணம்.

ஆனால் முதல் வடம் குறுகியதாக இருந்தால் மட்டும் போதாது. பொருத்தப்படும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேலும், வெளியீட்டு மின்மறுப்பு குறைவாகவும் இருக்க வேண்டும். இத்தகைய சுற்றைத் தாங்கிச் சுற்று என்பர். இது முதலில் இருந்தால், அதன்பின் வரும் நீண்ட வடமும் ஒலியளவு மிதியின் மின்தடையும் பிக்கப்பைப் பாதிப்பதில்லை. அணைக்கும்போது குறிகையை நேரடியாகக் கடத்திவிடும் கருவியில், அணைத்த நிலையில் இப்பயன் கிடைக்காது.

இணைப்பு வரிசை

ஒலியளவு மிதி இக்கிட்டாரின் நீண்ட, நலியாத சுரத்திற்கு இன்றியமையாதது. மீட்டியபின் தந்தியின் அதிர்வு குறையக் குறைய, இசைப்பவர் மிதியை மெல்லத் திறந்து ஒலியளவை நிலைநிறுத்துகிறார். ஆகவே ஒவ்வொரு விளைவும் இம்மிதிக்கு முன் உள்ளதா, பின் உள்ளதா என்பது முக்கியமானது.

ஒலித்திரிபுக் கருவி மிதிக்குப் பின் இருந்தால், பாதம் அசையும்போதெல்லாம் திரிபின் அளவும் மாறும். முன்னால் இருந்தால் திரிபின் தன்மை மிதியைச் சாராது. ஒலியளவு மட்டுமே மாறும். எதிரொலியும் எதிர்முழக்கமும் மிதிக்குப் பின் வருவது நல்லது. இல்லையெனில் மிதியை மூடும்போது எதிரொலியும் பாதியில் அறுபட்டுவிடும். எனவே தாங்குகாலில் தாங்கிச் சுற்றும் ஒலித்திரிபும், மிதிக்கும் பெருக்கிக்கும் இடையே எதிரொலியும் எதிர்முழக்கமும் எனப் பிரித்து அமைப்பது பொருத்தமாகும். எல்லா விளைவுகளும் ஒரே பெட்டியில் இருந்தால், இசைப்பவர் எதை அதிகம் பயன்படுத்துகிறாரோ அதற்கேற்ப இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரம்புகள்

உருக்குத் தண்டைப் பிடித்துள்ள இடக்கையை எடுத்தால் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் குலைந்துவிடும். ஆகவே பாடலின் தொடக்கத்தில் அமைத்துவிட்டு மாற்றாமல் விடக்கூடியவையே தாங்குகாலில் பொருத்தத் தக்கவை. இசையின் நடுவே இயக்க வேண்டிய ஆளியை ஒலியளவு மிதிக்கு அருகில் தரையில் வைத்தல் வேண்டும். அதுவும் வலப்பாதம் ஒலியளவு மிதியை விட்டு விலகக்கூடிய தருணத்தில் மட்டுமே பயன்படும்.

மின்வழங்கியில் மின்மாற்றி இருந்தால் அதைக் கிட்டாரில் பொருத்தக் கூடாது. ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் அதன் காந்தப்புலத்தை உள்வாங்கி முரலும். மின்வழங்கியைப் பெருக்கிக்கு அருகில் வைத்து, நேர்மின்னோட்டத்தை மட்டும் வடம் வழியே கொண்டுவரலாம். அல்லது மின்கலத்தைப் பயன்படுத்தலாம். நிகழ்ச்சி முடிந்ததும் தாங்குகால்களைக் கழற்றிக் கிட்டாரைப் பெட்டியில் வைப்பது வழக்கம் என்பதால், கவ்வியும் கருவிகள் இன்றிக் கையாலேயே கழற்றக்கூடியதாக இருப்பது நலம்.