படியளப்பவன் ஒருவன், பாதைகள் பல

பசி எல்லா உயிர்க்கும் பொது. ஆயினும், நாளை வரவிருக்கும் பசியை எண்ணி இன்றைய உறக்கத்தை இழப்பவன் மனிதன் ஒருவனே. வளைகுடா நாட்டிலிருந்து மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பணம் திடீரென நின்றுபோன வீட்டிலும், கல்விக் கட்டணத்திற்குரிய கெடு நெருங்கும் நாளிலும், பட்டம் பெற்றும் வேலைக்கான அழைப்பு வாராத ஆண்டுகளிலும் இவ்வச்சம் நம் இளைஞர்களைப் பற்றிக்கொள்கிறது. அவ்வேளைகளில் வீட்டுப் பெரியவர்கள், "அல்லாஹ் படியளப்பான்" என்று கூறித் தேற்றுவதை நாம் அறிவோம். இத்தொடரின் பொருள் யாது? துயருற்றோர்க்குக் கூறும் வெறும் ஆறுதல் மொழியா? உழைப்பைக் கைவிடச் சொல்லும் சோம்பல் மொழியா? அன்றி, வாழ்வைத் தாங்கி நிற்கும் ஓர் உறுதிப்பாடா? திருக்குர்ஆன், நபிமொழி, நம் தமிழிலக்கியம் ஆகியவற்றின் துணைகொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

'படி' என்பது முகத்தலளவைக் கருவி. வயலில் உழைத்தவர்க்குக் கூலி நெல்லைப் படியால் அளந்து கொடுத்த வழக்கிலிருந்து, 'படியளத்தல்' என்பது வாழ்வாதாரம் வழங்குதல் என்னும் பொருளைப் பெற்றது. இச்சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. அளப்பது வேறு, குவிப்பது வேறு. படியளப்பவன் அன்றன்றைக்குரியதைத் தருகிறான். களஞ்சியத்தின் திறவுகோலைக் கையில் கொடுத்துவிடுவதில்லை. அரபு மொழியில் 'ரிஸ்க்' எனப்படுவதைத் தமிழ் முஸ்லிம்கள் 'இரணம்' என வழங்குவர். உணவு மட்டுமன்றி உடல்நலம், அறிவு, மக்கட்பேறு, நல்லோர் நட்பு ஆகிய அனைத்தும் இரணத்துள் அடங்கும். இவற்றையெல்லாம் வழங்குபவன் என்னும் பொருளில் இறைவனுக்கு 'அர்ரஸ்ஸாக்' என்பதும் ஒரு திருநாமம் ஆகும். பூமியிலுள்ள எந்த உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பு அவனையே சார்ந்தது எனத் திருக்குர்ஆன் (11:6) அறிவிக்கிறது.

அப்பொறுப்பாளன்மீது மனிதன் வைக்கும் நம்பிக்கையே 'தவக்குல்'. நாம் நீதிமன்றத்தில் காணும் 'வக்கீல்' என்னும் சொல்லும் 'தவக்குல்' என்னும் சொல்லும் ஒரே அரபு வேரிலிருந்து கிளைத்தவை. கி.பி. 1111இல் மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் நூலில் தவக்குலின் முதற்படியை விளக்குமிடத்து இவ்வுவமையையே கையாளுகிறார். வழக்கை வக்கீலிடம் ஒப்படைத்தவன் அவருடைய அறிவிலும் ஆற்றலிலும் அன்பிலும் நம்பிக்கை வைத்து அமைதி அடைகிறான். ஆயினும், அவர் கேட்கும் ஆவணங்களைக் கொண்டு வருவதும், வரச்சொன்ன நாளில் வந்து நிற்பதும் அவனுடைய கடமையே. அவற்றைச் செய்வதால் வக்கீலின் மீது வைத்த நம்பிக்கை குறைவதில்லை. அவர் சொன்னபடி நடப்பதே நம்பிக்கையின் அடையாளம். உணவு கண்முன் இருக்க, கையை நீட்டாமல் வாய்க்கு அது தானே வரும் எனக் காத்திருப்பது தவக்குல் ஆகாது, அறிவின்மையே ஆகும் என்பதும் அவ்விமாமின் கருத்தாகும்.

ஓடிய அன்னை

இக்கருத்திற்கு ஒப்பற்ற சான்றாக விளங்குபவர் அன்னை ஹாஜரா (அலை) அவர்கள். பயிர்பச்சையற்ற மக்காப் பள்ளத்தாக்கில், ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோற்பை நீருமே துணையாக, பச்சிளங் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களுடன் அவரை விட்டு நீங்கினார்கள் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள். இது இறைவன் இட்ட கட்டளையா என வினவினார் அன்னையார். ஆம் என்ற விடை கிடைத்ததும், அவ்வாறாயின் அவன் நம்மைக் கைவிடமாட்டான் என்று உறுதியாக உரைத்தார். புகாரி நூலில் இடம்பெறும் நிகழ்ச்சி இது.

நீர் தீர்ந்தது. குழந்தை தாகத்தால் துடித்தது. இறைவன் கைவிடமாட்டான் என்று உரைத்த அன்னை, அவ்வுரையைச் சொல்லிக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை. ஸஃபாக் குன்றின்மீது ஏறிப் பார்த்தார். மர்வாக் குன்றை நோக்கி ஓடினார். இவ்வாறு ஏழு முறை அலைந்தார். இறுதியில் நீர் பீறிட்டது ஸஃபாவிலும் அன்று, மர்வாவிலும் அன்று. குழந்தை கிடந்த இடத்தருகே ஸம்ஸம் ஊற்றாக அது வெளிப்பட்டது.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அன்னையாரின் ஓட்டம் நீரைத் தோண்டி எடுக்கவில்லை. நீரைத் தந்தவன் இறைவன். ஆயினும் அந்த ஓட்டம் வீணென்று தள்ளப்படவில்லை. ஹஜ்ஜும் உம்ராவும் செய்வோர் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவை ஏழு நடையாக இன்றும் கடக்கின்றனர். ஒரு தாயின் தவிப்பு மிகுந்த ஓட்டம் வணக்கமாகவே ஆக்கப்பட்டது. முயன்ற இடம் ஒன்று, பயன் கிடைத்த இடம் வேறொன்று என்பது வாழ்வில் நாம் அடிக்கடி காண்பதே. அதனால் முயன்றது பிழையாகிவிடாது. விதி துணை செய்யாத இடத்தும் உழைப்பு முற்றும் வீணாவதில்லை என ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறியும் இதனோடு ஒத்து நோக்கத்தக்கது.

ஊற்று வெளிப்பட்டதும் அன்னையார் அதனைச் சுற்றிக் கரை அமைத்தார். தோற்பையில் நீரை முகந்துகொண்டார். பின்னர் அவ்வழியே வந்த ஜுர்ஹும் குலத்தார் அங்குத் தங்க இசைவு வேண்டினர். நீரின் உரிமை தமக்கே உரியது என்று தெளிவுபடுத்தி, அவர்கள் தங்குவதற்கு இடமளித்தார். தனியொருத்தியின் தாகத்திற்கு வந்த நீர் ஓர் ஊரையே உருவாக்கிற்று. நம்பிக்கை, முயற்சி, பகிர்வு என்னும் மூன்றும் இவ்வொரு வரலாற்றில் ஒருங்கே அமைந்திருக்கக் காண்கிறோம்.

பறவையும் ஒட்டகமும்

இறைவன்மீது முறையாக நம்பிக்கை வைப்போர்க்குப் பறவைகளுக்கு உணவளிப்பதைப் போலவே அவன் உணவளிப்பான். அவை காலையில் ஒட்டிய வயிற்றுடன் சென்று மாலையில் நிரம்பிய வயிற்றுடன் திரும்புகின்றன என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. இதனைக் கூட்டில் அமர்ந்திருப்பதற்குச் சான்றாகக் கொள்வோர் உளர். ஆனால் அப்பறவை கூட்டைவிட்டுப் புறப்படுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, கட்டாமலே நம்பிக்கை வைப்பதா என வினவியவருக்கு, முதலில் கட்டுமாறும் பின்னர் இறைவனை நம்புமாறும் அண்ணலார் அறிவுறுத்தினார்கள். இவ்விரு நபிமொழிகளையும் திர்மிதி நூலில் காணலாம். யமன் நாட்டினர் சிலர், தாம் இறைவனையே நம்பியவர் எனக் கூறி, வழியுணவின்றி ஹஜ்ஜுக்கு வந்து மக்காவில் இரந்தபோது, வழிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் இறைவசனம் (2:197) அருளப்பட்டது என்பதும் அறியத்தக்கது.

அங்ஙனமாயின் உழைத்தும் வறுமை நீங்காதது ஏன் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவைத் திருக்குர்ஆன் மறைக்கவில்லை. அச்சத்தாலும் பசியாலும் பொருள், உயிர், விளைச்சல் ஆகியவற்றின் இழப்பாலும் மனிதன் சோதிக்கப்படுவான் என முன்னரே அது (2:155) அறிவித்துவிடுகிறது. படியளப்பவன்மீது நம்பிக்கை வைத்தோர்க்குத் துன்பமே வாராது என்னும் உறுதிமொழி எங்கும் இல்லை. துன்பத்தின் நடுவே நெஞ்சம் நொறுங்காமல் இருப்பதற்கும், பொருள் குறைந்த காலத்தில் தகாத வழியில் கைநீட்டாமல் இருப்பதற்கும் உரிய வலிமையே தவக்குல் தரும் கொடை. வட்டிக்கு வாங்கியேனும், கையூட்டுக் கொடுத்தேனும் நாளைய வாழ்வை இன்றே வாங்கிவிடத் துடிக்கும் மனத்தை அதுவே தடுத்து நிறுத்துகிறது.

யாரிடம் கூறவேண்டிய சொல்?

இனி, நாம் பெரிதும் சிந்திக்கவேண்டிய பகுதிக்கு வருவோம். 'அல்லாஹ் படியளப்பான்' என்பதை ஒருவன் தன் நெஞ்சிற்குச் சொல்லிக்கொள்ளும்போது அது ஈமானின் மொழி. அதனையே, பொருள் உள்ளவன் தன் வாயிலில் வந்து நிற்கும் ஏழையிடம் சொல்லிக் கதவை அடைத்துக்கொண்டால் அது யாது? இறைவன் வழங்கியதிலிருந்து செலவிடுங்கள் என்று கூறப்பட்டபோது, இறைவன் நாடியிருந்தால் அவனே உணவளித்திருக்கக் கூடியவர்க்கு நாங்கள் உணவளிப்பதா எனக் கேட்ட மறுப்பாளர்களைத் திருக்குர்ஆன் (36:47) கண்டிக்கிறது. சொல் பக்தியின் சொல்லே. ஆனால் அது கஞ்சத்தனத்திற்குப் போர்த்திய போர்வை. செல்வரின் பொருளில் இரப்போர்க்கும் இல்லாதார்க்கும் உரிமை உண்டு என்பது இறைமொழி (51:19). ஆகவே, ஏழைக்குரிய படியைச் செல்வன் தன்னிடத்தே வைத்திருக்கிறான். அளப்பதற்குத்தான் அவன் கையில் அது தரப்பட்டது.

அண்ணலார் காட்டிய வழியைக் காண்போம். அன்சாரித் தோழர் ஒருவர் அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் உடுக்கவும் விரிக்கவும் பயன்படும் முரட்டுத் துணி ஒன்றும் நீர் பருகும் கிண்ணம் ஒன்றும் இருப்பதாகக் கூறினார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, ஏலமிட்டு, 2 திர்ஹங்களுக்கு விற்றார்கள் அண்ணலார். ஒரு திர்ஹத்திற்கு வீட்டாருக்கு உணவும் மற்றொரு திர்ஹத்திற்குக் கோடரியும் வாங்கச் செய்தார்கள். அக்கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்குமாறும் 15 நாள் தம் கண்ணிற்படாதிருக்குமாறும் கூறி அனுப்பினார்கள். அவர் 10 திர்ஹங்கள் ஈட்டித் திரும்பினார் என அபூதாவூத் நூல் கூறுகிறது. இறைவன் தருவான் என்னும் ஒற்றைச் சொல்லோடு அவரை அனுப்பிவிடவில்லை. கையேந்தும் நிலையிலேயே அவரை நிறுத்திவிடவும் இல்லை. அன்றைய உணவும் நாளைய கருவியும் ஒருசேர வழங்கப்பட்டன. இரணத்திற்குப் பாதை அமைத்துக் கொடுத்தல் என்பது இதுவே.

தமிழ் காட்டும் சான்றுகள்

நம் சீறாப்புராணத்திலும் இதற்கு எழில்மிகு ஓவியம் உண்டு. 'மானுக்குப் பிணை நின்ற படல'த்தில், வேடன் வலையில் அகப்பட்ட பிணைமான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி மீள விடைவேண்டுகிறது. அம்மானுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பிணை நிற்கிறார்கள். சென்ற மான் சொன்னபடி கன்றுடன் திரும்புகிறது. வேடன் நெஞ்சம் மாறி இஸ்லாத்தைத் தழுவுகிறான். கன்றின் பசியைத் தீர்க்க இறைவன் படைத்த பால் தாயின் மடியில் இருந்தது. ஆயினும் அப்பால் கன்றைச் சென்றடைய ஒருவர் பிணை நிற்கவேண்டியிருந்தது. உமறுப்புலவர் நமக்கு விட்டுச்சென்ற அரிய சிந்தனை எனலாம்.

அக்காப்பியம் பிறந்த வரலாறும் இரணத்தின் வரலாறே. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கப்பெற்ற பணி, நூல் நிறைவுறுமுன் அவர் மறைந்ததால் ஆதரவிழந்தது. பின்னர் அபுல் காசிம் மரைக்காயர் புரவலராக முன்வந்து அதனைத் தாங்கினார். படியளந்த கை ஒன்று மறைந்தது. படியளப்பவன் வேறொரு கையை நீட்டச் செய்தான். ஒரு வாயில் அடைபட்டதும் இனி வாழ்வில்லை எனக் கலங்கும் மாணவர்கள் இவ்வரலாற்றை நெஞ்சில் பதித்துக்கொள்வார்களாக.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நாட்கூலியை நம்பிய இல்லங்களில் அடுப்பு எரியவில்லை. அந்நாளில் மதவேறுபாடின்றி ஒருவர்க்கொருவர் அரிசியும் பருப்பும் கொண்டு சேர்த்ததை நாம் கண்டோம். ரமலான் மாதத்தில் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக்கஞ்சி இவ்வுண்மையை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. அரிசி ஒருவர் தந்தது, விறகு மற்றொருவர் தந்தது, காய்ச்சியவர் வேறொருவர். தூக்குச்சட்டி ஏந்தி வரிசையில் நிற்கும் சிறுவனுக்கு அவர்களுள் ஒருவர் பெயரும் தெரியாது. அவன் வீட்டில் கஞ்சியை வாங்கிக்கொள்ளும் தாய், 'அல்ஹம்துலில்லாஹ்' என்கிறாள். அச்சொல் பிழையில்லாத சொல். தந்த கைகள் பல. தரச் செய்தவன் ஒருவன்.

நிறைவாக

மாணவர்களே, இன்றைய பாடத்தை இன்று படியுங்கள். இன்றைய விண்ணப்பத்தை இன்று அனுப்புங்கள். விளைவை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு அமைதியாக உறங்குங்கள். ஒட்டகத்தைக் கட்டியவனுக்கே உறங்கும் உரிமை உண்டு. ஆசிரியப் பெருமக்களே, வகுப்பில் பின்வரிசையில் வாடிய முகத்துடன் அமர்ந்திருக்கும் மாணவன் காலையுணவு உண்டானா என வினவுவதும் நம் பணியே. சமுதாயப் பெரியோர்களே, கட்டணம் செலுத்த இயலாது கல்வியை விட்டு நீங்கும் ஒரு பிள்ளையின் இரணம் தங்கள் வழியாக வரவிருக்கலாம். அதனை அளந்து கொடுப்பது நம் பெருமை அன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நம் பசிக்குத் தவக்குலும் பிறர் பசிக்கு ஈகையும் மருந்தாகுக. இவ்விரண்டும் இடம் மாறாமல் நிற்க வல்ல இறைவன் அருள்புரிவானாக, ஆமீன்.