முட்டி என்ன, பேரிங்கா?

மெக்கானிக்கல் படிக்கிற நமக்குத் தேய்மானம் என்றால் உடனே ஞாபகம் வருவது பேரிங்தான். தேய்ந்தால் ஓட்டத்தைக் குறை, மிஞ்சினால் மாற்று. எங்கள் நரிக்குடிப் பக்கம் கருவை வெட்டி, கரிமூட்டம் போட்டு, குத்தவைத்தே காலம் கழித்த பெண்களுக்கும் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். "எலும்பு தேஞ்சு போச்சு ஆத்தா, இனி நடக்காதே!" என் அப்பத்தாவும் அதை நம்பித் திண்ணையோடு உட்கார்ந்திருச்சு.

இந்தக் கணக்கு தப்பு. மூட்டில் உள்ள குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. கால் அசையும்போது அமுங்கி விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. எந்தப் பேரிங் ஓட ஓடச் சாப்பிடும்? சும்மா உட்கார்ந்தால் தொடைத் தசையும் சூம்பிவிடும்.

இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2022 அக்டோபரில் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையைப் படித்தேன். வயது 45 அல்லது அதற்கு மேல், நடமாடும்போது வலி, காலையில் விறைப்பு இல்லை அல்லது அரை மணிக்குள் விட்டுவிடும். இவ்வளவு இருந்தால் எக்ஸ்ரே இல்லாமலே மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் முடிவுகட்டலாம். படத்தில் தெரியும் தேய்வும் வலியும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. மூட்டு சூடாகி வீங்கினாலோ, விறைப்பு நெடுநேரம் நீடித்தாலோ வேறு நோயாக இருக்கலாம்; தாமதிக்கக் கூடாது.

முதல் வைத்தியம் உடற்பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குவது அதில் ஒன்று. ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது. உடம்பு பருமன் என்றால் எடையும் குறைய வேண்டும். நமக்குப் பிடித்த கணக்கு ஒன்று: 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது!

மருந்தில் முதலிடம் தடவும் வலி மருந்துக்கு. அது கேட்காவிட்டால்தான் மாத்திரை. அதுவும் குறைந்த அளவில், கொஞ்ச நாளுக்கு, வயிற்றைக் காக்கும் மாத்திரையோடு. சீட்டில்லாமல் கடையில் கட்டித் தரும் பொட்டலத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம். வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். குளுக்கோசமைன் வேண்டாம், ஹயலுரானிக் ஊசி வேண்டாம் என்று நைஸ் பட்டென்று சொல்லிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் அன்றாட வாழ்க்கை முடங்கினால் மூட்டு மாற்று அறுவை. பிரதமர் வாஜ்பாய்க்கு 2000-ல் இடது முட்டியையும் 2001-ல் வலதையும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத் மாற்றினார். மாற்றிய பிறகும் பயிற்சி உண்டு!

பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டுமே என்பீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. லீவில் ஊருக்குப் போகும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.