டிரைவர் நிரலில் கம்பைலர் எச்சரிக்கைகள்

நெட்வொர்க் கார்டு, சவுண்ட் கார்டு, கேமரா போன்ற கருவிகளை இயக்க முறைமை கையாள உதவும் நிரலே டிரைவர். லினக்ஸ் டிரைவர்களில் பெரும்பாலானவை சி மொழியில் எழுதப்பட்டு, இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இயங்குகின்றன. சாதாரணச் செயலியில் பிழை நேர்ந்தால் அந்தச் செயலி மட்டும் நின்றுபோகும். டிரைவரில் நேர்ந்தால் கணினியே முடங்கக்கூடும்.

சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், இலக்கணம் தவறிய இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். இலக்கணம் சரியாக இருந்தும் நோக்கத்தில் ஐயம் எழுந்தால், எச்சரிக்கை தந்துவிட்டு வேலையைத் தொடரும்.

மதிப்பு இடப்படாத மாறி பற்றிய எச்சரிக்கை அடிக்கடி வருவது. டிரைவரின் செயற்கூறு, வேலை முடிந்தால் 0, முடியாவிட்டால் ஒரு குறை எண் என விடை தருவது கெர்னல் வழக்கம். நினைவகம் கிடைக்காத வழியில் மட்டும் விடைக்கான மாறிக்கு மதிப்பு தரப்படவில்லை என்று கொள்வோம். தொடக்கத்திலேயே அதில் 0 இட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும். ஆனால் நினைவகம் கிடைக்காதபோதும் வெற்றி என்றே விடை போகும். அழைத்த நிரல் அதை நம்பி, தயாராகாத கருவியைத் தொடும். நினைவகப் பற்றாக்குறைக்கு உரிய −12 என்ற மதிப்பை அந்த வழியிலேயே இடுவதுதான் சரியான திருத்தம்.

முகவரியின் அளவு இன்னொரு சிக்கல். கருவி நேரடியாக நினைவகத்தை அணுகும் டிஎம்ஏ முகவரி, சில கணினிகளில் 32 பிட், சிலவற்றில் 64 பிட். அதைச் சாதாரண முழு எண்ணாக அச்சிட்டால் 64 பிட் கணினியில் எச்சரிக்கை வரும். வலிந்து 32 பிட்டாக மாற்றினால் எச்சரிக்கை போகும், முகவரியின் மேல்பாதியும் கூடவே போகும். இதற்கென்றே கெர்னலில் உள்ள தனி அச்சுக் குறியீட்டைப் பயன்படுத்த வேண்டும்.

பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் கூற்றில், ஒரு கேஸின் முடிவில் பிரேக் விடுபட்டால் அடுத்த கேஸும் சேர்ந்து இயங்கும். இதைச் சுட்டும் எச்சரிக்கை 2017இல் ஜிசிசி கம்பைலரின் 7ஆம் பதிப்புடன் வந்தது. வேண்டுமென்றே விட்ட இடங்களுக்கு அடையாளம் இட்டும், மறந்த இடங்களில் பிரேக் சேர்த்தும் டிரைவர்கள் திருத்தப்பட்டன. 2019இல் வெளியான 5.3 கெர்னல் முழுவதற்கும் இந்த எச்சரிக்கை நடைமுறைக்கு வந்தது. எல்லா எச்சரிக்கைகளையும் பிழையாகவே கருதும் அமைப்பு 2021இல் 5.15 கெர்னலில் சேர்ந்தது.

ஒரு கணினிக்குச் சரியான திருத்தம் மற்றொன்றில் புது எச்சரிக்கை எழுப்பலாம். அதனால் ஜிசிசி, கிளாங் ஆகிய இரு கம்பைலர்களிலும், 32, 64 பிட் அமைப்புகளிலும் கம்பைல் செய்து பார்ப்பார்கள். திருத்தத்தைப் பேட்ச்சாக அனுப்பும்போது எச்சரிக்கையின் வாசகத்தையும் அது எழுந்த காரணத்தையும் விளக்கக் குறிப்பில் எழுதுவது வழக்கம். முடிந்தால் உரிய கருவியில் டிரைவரை இயக்கியும் சோதிக்க வேண்டும்.