கவ்வாலி: தர்காவில் வளர்ந்த இசை

தெற்காசிய சூஃபிகளின் வழிபாட்டு இசை கவ்வாலி. சிஷ்தி என்ற சூஃபி மரபைச் சேர்ந்த ஞானிகளின் அடக்கத்தலங்களான தர்காக்களே அதன் தாய்வீடு. டெல்லியில் நிஜாமுத்தீன் அவுலியா தர்காவில் வியாழக்கிழமை மாலைகளிலும் ஞானியின் நினைவுநாளான உரூஸிலும் இன்றும் பாடுகிறார்கள். அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவை (1253–1325) கவ்வாலிப் பாடகர்களான கவ்வால்கள் தங்கள் மரபின் முதல்வராகப் போற்றுகிறார்கள்.

இசை மார்க்கத்துக்கு உகந்ததா என்ற வழக்கு அக்காலத்திலேயே எழுந்தது. சுல்தான் கியாசுத்தீன் துக்ளக்கின் அவையில் மார்க்க அறிஞர்களான உலமாக்களின் கேள்விகளுக்கு நிஜாமுத்தீன் விடையளிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் சிஷ்திகள் பாட்டை விடவில்லை.

ஆர்மோனியம், டோலக், கைதட்டிப் பின்பாடும் குழு, நடுவே முதன்மைப் பாடகர். அவர் கண் எப்போதும் கேட்பவர்கள் மேலேயே இருக்கும். ஒரு வரியில் யாராவது மெய்மறந்துவிட்டால், அவர் தெளியும்வரை அந்த வரியையே திரும்பத் திரும்பப் பாடவேண்டும். இடையில் நிறுத்தினால் அவர் உயிருக்கே ஆபத்து என்பது நம்பிக்கை. ஞானி குத்புத்தீன் பக்தியார் காக்கி 1235இல் இப்படிப்பட்ட பரவசத்திலேயே உயிர்துறந்ததாகச் சிஷ்தி மரபு சொல்கிறது. கச்சேரியில் ரசிகர் பாடகரைத் தொடர்வார். இங்கே பாடகர் கேட்பவரைத் தொடர்கிறார். கவ்வாலியின் உயிரே இதில்தான் இருக்கிறது.

பாடகருக்குரிய காணிக்கையைச் சபைத் தலைவரான ஷேக்கிடம் பணிந்து கொடுப்பது பழைய முறை. பல குடும்பங்களுக்குக் கவ்வாலி பாடுவதே தலைமுறைத் தொழில். இந்துக்களும் சீக்கியர்களும் சபையில் வந்து அமர்கிறார்கள். ஆனால் தர்காக்களில் கவ்வாலி பாடும் உரிமை பெரும்பாலும் ஆண்களிடமே நின்றுவிட்டது. இது இந்த மரபின் குறைதான்.

1947 பிரிவினையின்போது பல கவ்வால் குடும்பங்கள் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தன. ஜலந்தரிலிருந்து சென்ற ஒரு குடும்பத்தில் பிறந்த நுஸ்ரத் ஃபதே அலி கான் (1948–1997) இந்த இசையை உலக மேடைகளில் ஏற்றினார். திரைப்படங்களும் அதைப் பரப்பின. 'ராக்ஸ்டார்' (2011) படத்தில் நிஜாமுத்தீன் தர்காவிலேயே படமான கவ்வாலிக்கு இசையமைத்தவர் ஏ.ஆர். ரஹ்மான். மேடையிலும் திரையிலும் பாட்டின் நீளம் முன்பே முடிவாகிவிடுவதால், மெய்மறந்தவருக்காகக் காத்திருக்க அங்கே இடமில்லை.

எல்லா மக்களையும் ஓரிடத்தில் கூட்டும் இந்த இசை, தீவிரவாதிகளின் பகையையும் தேடிக்கொண்டது. 2016 ஜூனில் கராச்சியில் கவ்வாலிப் பாடகர் அம்ஜத் சாப்ரி சுட்டுக் கொல்லப்பட்டார். 2017 பிப்ரவரியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள செஹ்வான் தர்காவில் குண்டு வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாளே அங்கே மக்கள் திரண்டு, முரசுக்கு ஆடும் தமால் வழிபாட்டை நடத்தினார்கள்.